கைரொக்கத்தின் விலை

மதரஸாவில் வாணிப இயலைப் பாடம் நடத்தும் ஆசிரியனுக்கு ஒரு வசதி உண்டு. கிதாபில் வரும் வியாபாரிகள் எல்லோரும் சொன்ன சொல் மாறாதவர்கள். ஒருவன் அடிமையை விற்பான், மற்றவன் கோதுமையை அளப்பான், மூன்றாமவன் பேரீச்சங்கனியைக் கடனுக்குக் கேட்பான். இன்ன நிபந்தனை இருந்தால் கூடும், இன்ன நிபந்தனை இருந்தால் கூடாது என்று விரலை மடக்கிச் சொல்லிவிட்டு அடுத்த பாடத்திற்குச் சென்றுவிடலாம். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக நான் அப்படித்தான் சென்றுகொண்டிருந்தேன். கிதாபை மூடி வைத்துவிட்டுக் கடைத்தெருவிற்குப் போன ஒரு நாளில், அதே பாடத்தில் நானே தவறிப்போனேன். அதை மறைக்காமல் எழுதுவதே இக்கட்டுரை.

எங்கள் ஊர் திண்டிவனம். என் தகப்பனார் சுற்று வட்டாரத்துச் சந்தைகளில் லுங்கியும் துண்டும் விற்றவர். இந்தப் பக்கத்து மண் மணிலாவிற்குப் பேர் போனது. மல்லாட்டை என்றுதான் எங்கள் ஊரில் சொல்வோம். ஆகையால் அவருடைய வியாபாரமும் மல்லாட்டை அறுவடையைச் சுற்றியே நடந்தது. "மல்லாட்ட வித்ததும் தரேன் பாய்" என்று சொல்லித் துணி எடுத்துப் போவோர் பலர். அத்தாவிடம் இரண்டு விலைகள் இருந்தன. கையில் காசு வைத்தால் ஒரு விலை. அறுவடைக்குப் பிறகு என்றால் அதைவிடச் சற்றுக் கூடுதலான விலை. எந்த விலை என்பதை அப்போதே பேசி முடித்துவிடுவார். நாள் தள்ளிப் போயிற்று என்று ஒரு காசு கூட்டமாட்டார். பிற்காலத்தில் நான் ஓதப் போனபோது, ஒப்பந்தம் முடியும் முன்னர் ஒரே விலையாக உறுதி செய்துகொண்டால் தவணை விற்பனைக்கு விலையைக் கூட்டிச் சொல்லலாம் என்பது பெரும்பான்மையான இமாம்களின் முடிவு எனப் படித்தேன். அத்தா எந்த மதரஸாவிலும் ஓதியவரல்லர். ஆயினும் கைரொக்கத்திற்கு மரியாதை, கடனுக்குச் சற்றுச் சுமை என்னும் நியாயம் அவருக்குத் தெரிந்திருந்தது.

இந்த நியாயம் தலைகீழாகிவிட்டது என்பதை நான் அறிந்தது சென்ற ஆண்டில்.

என் மனைவிக்கு மணிக்கட்டில் வலி. துணி பிழியக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். இருபத்தைந்து ஆண்டுகளாக என்னுடைய வெள்ளை ஜிப்பாக்களைக் கல்லில் அடித்துத் துவைத்த கைகள் அவை. ஒரு வாஷிங் மெஷின் வாங்கிவிடுவது என்று முடிவு செய்து, இரண்டு ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்த்தோம். 28,000 ரூபாய் சேர்ந்தது. அந்த வாரத்தில் செய்தித்தாளுக்குள் ஒரு விளம்பரத் தாள் வந்து விழுந்தது. விழுப்புரத்தில் ஒரு பெரிய கடை. தாளின் பாதியை அடைத்துக்கொண்டு, கொட்டை எழுத்துத் தமிழில், "10% உடனடித் தள்ளுபடி" என்றிருந்தது. அடியில் மணலைத் தூவியதுபோல் ஆங்கிலத்தில் சில வரிகள். அரபும் தமிழும் படித்த எனக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டிப் படிக்கும் அளவுதான் தெரியும். அந்த எழுத்தின் அளவோ கூட்டவும் இடந்தரவில்லை.

பேருந்தில் ஏறி மயிலம் கூட்டுச்சாலையையும் விக்கிரவாண்டியையும் கடந்து விழுப்புரத்தில் இறங்கினேன். நேருஜி சாலையிலிருந்த அந்தக் கடையில் நாங்கள் விரும்பிய இயந்திரத்தின் விலை 27,500 ரூபாய். தள்ளுபடி போக என்ன வரும் என்று கேட்டேன்.

விற்பனைப் பையன் பணிவானவன். "எந்த கார்டு வச்சிருக்கீங்க பாய்?" என்றான்.

அரசு வங்கி ஒன்றின் டெபிட் கார்டை எடுத்து நீட்டினேன். அவன் தலையசைத்தான்.

"இது ஆகாது பாய். அந்தப் பேங்க் கிரெடிட் கார்டா இருக்கணும். அதுவும் இ.எம்.ஐ. போட்டாத்தான் ஆஃபர்."

"நான் முழுத் தொகையையும் ரொக்கமாகவே கொண்டு வந்திருக்கிறேனே, தம்பி?"

"ரொக்கம்னா முழு விலைதான் பாய்."

அவன் சொன்னதை நான் மீண்டும் ஒரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டேன். கடன் வாங்குபவனுக்கு விலை குறையும். கடன் இல்லாமல் வந்தவனுக்குக் குறையாது. அத்தாவின் சந்தைக் கணக்கு அங்கே கவிழ்ந்து கிடந்தது. நான் விழிப்பதைப் பார்த்து இரங்கியவன்போல், "தெரிஞ்சவங்க யாருகிட்டயாவது அந்தக் கார்டு இருந்தா வரச் சொல்லுங்க பாய், எல்லாரும் அப்படித்தான் வாங்குறாங்க" என்றான்.

அப்போதாவது நான் திரும்பியிருக்க வேண்டும். அல்லது முழு விலையைக் கொடுத்திருக்க வேண்டும். பணம் சட்டைப் பையில் இருந்தது. ஆனால் 2,500 ரூபாய் என்பது என் போன்றவனுக்குச் சிறிய தொகையன்று. பத்து விழுக்காடு எனில் 2,750. அதற்கும் 2,500 என்று மேல்வரம்பு கட்டியிருந்தார்கள். விழுப்புரத்தில் என் பழைய மாணவர் ஒருவர் இருக்கிறார். சிறு வயதில் என்னிடம் குர்ஆன் ஓதியவர். இப்போது தனியார் நிறுவனமொன்றில் வேலை. தொலைபேசியில் அழைத்தேன். "இதோ வந்துட்டேன் ஹஜ்ரத்" என்றவர் கால் மணி நேரத்தில் வந்து நின்றார். அவரிடம் அந்தக் கார்டு இருந்தது. தேய்த்தார், கையெழுத்திட்டார். நான் 25,000 ரூபாயை எண்ணி அங்கேயே அவர் கையில் கொடுத்தேன். "இதில் உனக்கு ஏதும் செலவு உண்டா?" என்று கேட்டேன். "ஒன்றும் இல்லை ஹஜ்ரத்" என்றார். ஆசிரியரின் மனம் சங்கடப்படக் கூடாது என்று மாணவன் சொல்லும் பொய்யை ஆசிரியனால் கண்டுபிடிக்க முடியவில்லை. கண்டுபிடிக்க நான் விரும்பவில்லை என்பதே சரியான சொல்.

நான்கு மாதங்கள் சென்றன. ஓர் அஸருக்குப் பிறகு அவர் திண்டிவனம் வந்திருந்தார். பள்ளிவாசல் திண்ணையில் நாலைந்து பேர் அமர்ந்து மார்க்க விஷயங்கள் பேசிக்கொண்டிருந்தோம். இடையில் அவர் மெதுவாக, "ஹஜ்ரத், ஒருத்தருக்கு உதவி செய்யப் போய், அதுக்காக வட்டி கட்ட வேண்டி வந்தா அது எப்படி?" என்று கேட்டார். பாடம் சொல்லும் உற்சாகம் என்னைத் தொற்றிக்கொண்டது. வட்டியை உண்பவன், கொடுப்பவன், எழுதுபவன், அதற்குச் சாட்சி நிற்பவன் அனைவரையும் ஒரே நிலையில் வைத்துச் சபித்த நபிமொழியை எடுத்துக் கூறினேன். உதவி என்னும் போர்வை வட்டியின் நிறத்தை மாற்றாது என்றும், அப்படிப்பட்ட உதவியைக் கேட்டவனும் அல்லாஹ்வுக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்றும் குரலை உயர்த்திச் சொன்னேன். கூடியிருந்தோர் தலையாட்டினர். அவர் மட்டும் தலை கவிழ்ந்திருந்தார். "யாருக்காக அப்படிச் செய்தாய்?" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. அந்த மௌனம் நீண்டபோதுதான் எனக்கு விளங்கிற்று. தீர்ப்பை எழுதிக் கையொப்பமும் இட்ட பிறகு, குற்றவாளியின் பெயரைப் படித்துப் பார்த்தவன் போலானேன்.

அன்றிரவு அவரை வீட்டிற்கு அழைத்துவந்து கணக்கைக் காட்டச் சொன்னேன். ஆறு மாதத் தவணை. ஆண்டுக்கு 16 விழுக்காடு வட்டி. 25,000 ரூபாய்க்கு வட்டி 1,179. வட்டியின்மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. 212. தவணை போடும் கட்டணம் 199. அதற்கு வரி 36. மொத்தம் 1,626 ரூபாய். நான் கொடுத்த பணத்தைக் கொண்டு கடனை உடனே அடைத்துவிடலாமே என்றால், அதற்கொரு கட்டணம். தவணையை இடையில் முறித்தால் தள்ளுபடியும் திரும்பப் பிடிக்கப்படும். ஆக, எனக்குக் கிடைத்ததாக நான் மகிழ்ந்த 2,500 ரூபாயில் 1,626 ரூபாய் மாணவன் வழியாக வங்கிக்கும் வரிக்கும் போய்விட்டது. உண்மையான இலாபம் 874 ரூபாய். முப்பது ஆண்டுப் பாடத்தை நான் அந்த விலைக்குக் கொடுத்திருந்தேன்.

அதன்பின் இந்தத் தள்ளுபடியின் உட்பொருளை அறிய வேண்டும் என்னும் ஆவல் பிறந்தது. விவரம் அறிந்தவர்களை நாடிக் கேட்டேன். நான் தெரிந்துகொண்டதை வாசகக் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்வது கடமை எனக் கருதுகிறேன்.

முதலாவது, இத்தள்ளுபடி பெரும்பாலும் கடைக்காரர் தம் பையிலிருந்து தருவதன்று. வங்கியும், பல வேளைகளில் பொருளைச் செய்யும் நிறுவனமும் அதைப் பகிர்ந்துகொள்கின்றன. வங்கிக்கு வேண்டியது நம்முடைய நன்றியன்று. தன் கார்டு பழக்கத்தில் இருப்பதும், தவணைக் கடன் பெருகுவதும், அதன் வழியாக வரும் வட்டியுமே. இரண்டாவது, பணம் செலுத்தும் முறைகளில் கடைக்காரருக்குச் செலவு வைக்காதவை எவையோ அவற்றுக்கே சலுகை இல்லை. ரூபே டெபிட் கார்டுக்கும் யு.பி.ஐ.க்கும் 2020 ஜனவரி 1 முதல் வணிகரிடம் கட்டணம் பிடிப்பதில்லை. கிரெடிட் கார்டுக்கோ நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டு ரூபாய் வணிகர் இழக்க நேர்கிறது. அந்த இழப்பை அவர் எங்கே ஈடுகட்டுவார்? எல்லோருக்கும் பொதுவான விலையில்தான். ஆகவே கார்டு இல்லாத ஏழை கொடுக்கும் விலையிலும் அதன் ஒரு துளி கலந்திருக்கிறது.

மூன்றாவது, "வட்டியில்லாத் தவணை" என்று எழுதப்படுவது. இதில் நம்மவர் பலர் ஏமாறுகின்றனர். வட்டி இல்லாமலா வங்கி கடன் கொடுக்கும்? வட்டிக்குச் சமமான தொகையை விலையில் முதலில் கழிக்கிறார்கள். பிறகு அந்தக் குறைந்த தொகைக்கு வட்டி போட்டுப் பழைய விலைக்கே கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். வட்டிக்கான ஜி.எஸ்.டி. தனியாக நம் தலையில் விழுகிறது. 2013 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையில், பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையவே கிடையாது என வங்கிகளுக்கு எடுத்துச் சொல்லப்பட்டது. வட்டியைக் கட்டணத்திற்குள் ஒளித்து வைக்கும் வழக்கமும் கண்டிக்கப்பட்டது. டெபிட் கார்டில் பணம் செலுத்துவோரிடம் கடைகள் கூடுதல் தொகை வசூலிப்பது நியாயமன்று என்பதும் அதே அறிக்கையில் இருக்கிறது. கூடுதல் வசூலிப்பதற்கு அங்கே தடை உண்டு. ஒரு சிலருக்கு மட்டும் விலையைக் குறைப்பதற்குத் தடை இல்லை. ஆனால் முழு விலை கொடுத்துவிட்டு வெளியே வருகிறவனுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும்.

உலகம் முழுவதும் இக்கதை நடந்துகொண்டுதான் இருக்கிறது. அமெரிக்காவின் காஸ்ட்கோ என்னும் பெருங்கடை 2016 ஜூன் வரை கிரெடிட் கார்டுகளில் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் ஒன்றைத்தான் ஏற்றது. அதன்பின் அதைக் கைவிட்டு விசாவுக்கு மாறியது. 2012 லண்டன் ஒலிம்பிக் திடல்களில் விசாவைத் தவிர வேறு கார்டு செல்லவில்லை. செலவு குறைந்த வேறு கார்டைப் பயன்படுத்துமாறு வாடிக்கையாளரிடம் வணிகர் எடுத்துச் சொல்லக் கூடாது என்று அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் விதித்திருந்த தடையை, 2018இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் செல்லும் என்றது. நம் விக்கிரவாண்டிச் சுங்கச் சாவடியிலும் இதன் சாயல் உண்டு. ஃபாஸ்டேக் இல்லாத வண்டிக்கு 2021 பிப்ரவரி முதல் இரு மடங்குக் கட்டணம். 2025 நவம்பர் நடுவிலிருந்து யு.பி.ஐ.யில் செலுத்தினால் ஒன்றேகால் மடங்கு. ரொக்கம் என்றால் அப்போதும் இரு மடங்கேதான். ஒரே சாலை, பணம் எந்த வழியாக வருகிறது என்பதைப் பொறுத்து அதன் விலை மாறுகிறது.

இதில் அடிபடும் இன்னொருவரையும் மறக்கக் கூடாது. திண்டிவனத்தில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் மின்சாதனக் கடை வைத்திருக்கும் ஓர் அன்பர் உண்டு. மெஷின் வாங்கிய செய்தியை அறிந்து, "என்கிட்ட கேட்டிருக்கலாமே ஹஜ்ரத்" என்றார். அவரிடம் விலை என்ன என்று கேட்டேன். முழு விலையைச் சொல்லிவிட்டு, "முந்நூறு நானூறு குறைச்சிருப்பேன். அதுக்கு மேல என்னால முடியாது. பெரிய கடைக்குக் கொடுக்குற ஒப்பந்தத்தை எந்த பேங்க் எனக்குக் கொடுக்கும்?" என்றார். அகில இந்திய வணிகர் கூட்டமைப்பு 2020ஆம் ஆண்டில் இதே குறையைத்தான் போட்டி ஆணையத்திடம் கொண்டு சென்றது. இணைய அங்காடிகளில் வாங்குவோருக்கு மட்டும் வங்கிகள் தள்ளுபடி தருவது மற்ற வணிகரை ஒதுக்குவதாகும் என்பது அவர்கள் முறையீடு. தெருமுனைக் கடைக்காரர் நமக்கு அவசரத்தில் கடன் சொல்லிப் பொருள் கொடுத்தவர். நம் ஜனாஸாவுக்கு வருபவர். அவரைத் தாண்டித்தான் நான் விழுப்புரத்திற்குப் பேருந்து ஏறினேன்.

இனி மார்க்க நூல்கள் இதுபற்றி என்ன சொல்கின்றன என்று பார்ப்போம். விற்பவன் ஒருவருக்கு விலையைக் குறைத்துக் கொடுப்பதை ஷரீஅத் தடுக்கவில்லை. விற்கும்போதும் வாங்கும்போதும் தாராளமாக நடந்துகொள்பவனுக்கு அருள் வேண்டிய நபியின் உம்மத்து நாம். ஆகையால் தள்ளுபடியே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. ஆயினும் 2000ஆம் ஆண்டு செப்டம்பரில் ரியாத் நகரில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமியின் பன்னிரண்டாம் அமர்வு, கடன் அட்டைகளைக் குறித்து எடுத்த 108ஆம் தீர்மானம் கருத்தூன்றிப் படிக்கத்தக்கது. வட்டி நிபந்தனையுள்ள அட்டையை, தவணைக்குள் கட்டிவிடும் எண்ணம் இருந்தாலும், வெளியிடுவதும் பயன்படுத்துவதும் ஆகாது என்றது அத்தீர்மானம். நம் நாட்டு உலமாக்களில் தேவையை முன்னிட்டுச் சற்று இடங்கொடுப்போரும் உளர். அதே தீர்மானத்தில் இன்னொரு விதி இருக்கிறது: வணிகரிடம் வங்கி தரகுத் தொகை பெறலாம், ஆனால் அட்டைக்கும் ரொக்கத்திற்கும் வணிகர் ஒரே விலையில் விற்க வேண்டும். அட்டைக்காரரிடம் கூடுதலாக வாங்கிவிடக் கூடாது என்பதே அவ்விதியின் நேரான நோக்கம். ஆனால், ஒரே விலை என்னும் சொல்லின் நிழல் ரொக்கக்காரர்மீதும் விழ வேண்டும் என்று என் உள்ளம் ஆசைப்படுகிறது.

மற்றொன்று. சரக்குக் கொண்டுவரும் கிராமத்தார் சந்தையை அடைந்து விலையை அறியும் முன்னரே வழியில் எதிர்கொண்டு வாங்குவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். ஒருவனுக்குத் தெரிந்த விலை மற்றவனுக்குத் தெரியாமல் இருப்பதைக் கொண்டு இலாபம் அடையலாகாது என்பதே அதன் உட்கருத்து. கொட்டைத் தமிழில் ஆசையையும் பொடி ஆங்கிலத்தில் நிபந்தனையையும் அச்சிடுவது எந்த வகையைச் சேரும்? நாட்டுச் சட்டமும் இதை ஒப்பவில்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் வெளியிட்ட விளம்பர நெறிமுறைகளின்படி, விளம்பரம் எந்த மொழியில் இருக்கிறதோ அந்த மொழியிலேயே, அதே எழுத்தில், நிபந்தனையும் இருக்க வேண்டும். இதை அறிந்திருந்தால் அந்தத் தாளை மடித்து எடுத்துச் சென்று கடைக்காரரிடமே காட்டியிருப்பேன். நம் சமுதாயத்தில் கடை நடத்துவோர் ஏராளம். அவர்களை நான் கேட்டுக்கொள்வது இரண்டே. நிபந்தனையைத் தமிழில், கண்ணுக்குத் தெரியும்படி எழுதுங்கள். ரொக்கமாகத் தருபவனுக்கு, உங்களுக்கு மிச்சமாகும் அந்த இரண்டு ரூபாயையாவது குறைத்துக் கொடுங்கள்.

வாங்குவோருக்கும் ஒரு சொல். ஒருவருடைய கார்டை இரவல் கேட்பது குடை இரவல் கேட்பதுபோல் ஆகிவிட்டது. மருமகனிடம் கேட்கிறோம், பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கேட்கிறோம். குடை நனைந்து திரும்பும். கார்டோ கடனோடு திரும்பும். மறுக்க முடியாதவரிடம் கேட்கும் உதவி பாதி வற்புறுத்தலே ஆகும். நம்மைப் பெரியவராக மதிப்பவரிடம் கேட்பது அதனினும் கூடுதல்.

1,626 ரூபாயை மாணவரிடம் நீட்டினேன். வாங்க மறுத்தார். "ஆசிரியன் பட்ட கடனை மாணவன் சுமப்பது அதபு ஆகாது" என்று சொன்ன பிறகே பெற்றுக்கொண்டார். பணம் திரும்பியதால் செயல் திரும்பிவிடாது. அதற்குத் தவ்பாவைத் தவிர வேறு தவணை இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமை, அன்று திண்ணையில் இருந்த அதே நாலைந்து பேரை அழைத்து, அந்தக் கேள்வி யாரைப் பற்றியது என்பதையும் சொன்னேன். சொல்லும்போது நாக்கு உலர்ந்தது, சொன்னபின் இலேசாயிற்று.

மனைவியிடமும் சொன்னேன். வாளியில் துணியை அள்ளிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, "என்னங்க, நம்ம கையில 28,000 இருந்துச்சில்ல? முழு விலையைக் கொடுத்திருந்தாலும் 500 மிச்சம்தானே?" என்றாள்.

இவ்வளவு எளிய கணக்கு அன்று அந்தக் கடை வாசலில் எனக்குத் தோன்றாமற் போயிற்று. இப்போது வாணிப இயல் பாடம் நடத்தும்போது, தவணை விற்பனை என்னும் இடம் வந்தால், கிதாபில் உள்ள கோதுமை வியாபாரியோடு இந்த வாஷிங் மெஷினையும் சேர்த்துச் சொல்கிறேன். பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரித்தாலும் மறக்கமாட்டார்கள்.